மறுமொழி: 'நிலைநிறுத்தல்' வேண்டாம், 'விடுகை' என்போம்

வணக்கம் ஐயா,

கடல் முன்கணிப்புக்கான உங்கள் சொற்பட்டியலில் 'மிதவைகளை நிலைநிறுத்தல்' என்று இருக்கிறது. நங்கூரம் போட்ட மிதவைக்குச் சரி. நீரோட்டத்தோடு போய் அதன் போக்கைக் காட்டுகிற கருவிக்கு அது பொருந்தவே பொருந்தாது.

முல்லைத்தீவில் இந்த வேறுபாடு ஏற்கெனவே பேச்சில் இருக்கிறது. களப்பில் தடி ஊன்றிக் கட்டுவது களங்கட்டி வலை. பெருங்கடலில் நீரோடு போக விடுவது வழிச்சல் வலை. அதனால் கருவிக்கு 'வழிச்சல் மிதவை', அதைக் கடலில் இறக்குவதற்கு 'விடுகை', இறக்கும் இடத்துக்கு 'விடுமிடம்' என்று வைப்போம்.

விடுமிடத்துக்கு ஏன் தனிச்சொல் என்றால், முன்கணிப்பு திருந்துவது அதில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கைக்குக் கிழக்கே இடஞ்சுழியாக ஒரு பெரிய நீர்ச்சுழி உருவாகும். அதன் நடுவில் நான்கு மிதவைகளை விட்டால் நான்கும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்லிக்கொண்டு சுற்றும். விளிம்பில், ஓட்டம் பிரிகிற இடத்தில் விட்டால், ஒன்று உள்ளே இழுபடும், மற்றது விலகித் தூரம் போய்விடும். கடலோட்டத்தை முன்கணிக்கும் கணினி மாதிரியுரு சுழியின் எல்லையை எங்கே பிழையாகப் போட்டிருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும்.

அகலாங்கிலும் நெட்டாங்கிலும் 5 பாகைக்கு 5 பாகை கட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில், உலகக் கடல்களில் 1250 வழிச்சல் மிதவைகள் என்ற இலக்கைக் கடலாய்வாளர்கள் 2005இல் எட்டினார்கள். ஆனால் விட்ட இடத்தில் அவை இருப்பதில்லையே! நீர் குவிகிற பக்கம் சேர்ந்துவிடும். விரிகிற பக்கம் வெறுமையாகும். அங்கே திரும்பத் திரும்ப விடவேண்டும்.

அப்பா வலை விடுமுன் ஈயம் கட்டிய கயிற்றை இறக்கிப் பார்ப்பார். காற்றுப்பாட்டுக்கு மேல்நீர் ஒரு பக்கம் போகும், கயிறு வேறு பக்கம் சரியும். "மேல் தண்ணியைப் பாத்து விடாதை" என்பார். வழிச்சல் மிதவையின் கீழ், 15 மீற்றர் ஆழத்தில், துளையிட்ட நீண்ட துணிக்குழாய் தொங்குவதும் இதற்காகத்தான். அது அறுந்தால் மிதவை காற்றுக்கு இழுபடத் தொடங்கும்.

அந்தக் குழாய்க்குப் பட்டியலில் சொல் இல்லை. 'நீர்ப்பாய்' என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். காற்றைப் பிடிப்பது பாய், நீரைப் பிடிப்பது நீர்ப்பாய். மன்னார்ப் பக்கத்து நண்பர்களிடம் இதைவிட நெருங்கிய சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.