மே கடைசியில் எஸ்தோனியா: அம்மாவை அழைத்துப் போகலாமா?

தேன்சிட்டு:
மே 22 முதல் 30 வரை லீவு கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு 64 வயது. சைவம், இடது முழங்காலில் வலி. "கூட்டமில்லாத ஊராப் பாரு" என்கிறார். வட ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம் இருக்கிற எஸ்தோனியா என்று முடிவு செய்துவிட்டேன். மே கடைசியிலேயே போகலாமா, இல்லை லீவைத் தள்ளிப்போட்டு ஜூன் கடைசியில் போகட்டுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

திசைகாட்டி:
தள்ளிப்போடுங்கள். நான் மே மூன்றாம் வாரத்தில் போய் மாட்டிக்கொண்டவன். காலையில் 6 டிகிரி, பகலில் 14. தலைநகர் தாலினின் நகரமன்றச் சதுக்கத்தில் ஆளாளுக்கு மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு காபி குடிக்கிறார்கள், அதற்குப் பேர் வசந்தமாம்! இரண்டு நாள் தூறல், விடாத கடற்காற்று. சாரேமா தீவில் பல கடைகளில் "ஜூன் முதல்" என்று சீட்டுத் தொங்கியது. ஜூன் 23 இரவு யானிப்பேவ் என்கிற நடுக்கோடைக் கொண்டாட்டம், ஊர் ஊராக நெருப்பு மூட்டுவார்கள். அதைப் பார்க்காமல் எஸ்தோனியா போய் என்ன பயன்?

ஒற்றையடிப்பாதை:
இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது சார். நான் அங்கே தார்த்து நகரத்தில் இரண்டு வருடம் படித்தவன். யானிப்பேவ் குடும்பத்தோடு கொண்டாடுகிற பண்டிகை. ஜூன் 23, 24 இரண்டும் அரசு விடுமுறை, தாலின்காரர்கள் கிராமத்து வீடுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே தெரிந்தவர்கள் இல்லாமல் போவது, பொங்கலன்று சென்னையைச் சுற்றிப் பார்க்க வருவது மாதிரிதான்.

வெளிச்சத்துக்காக ஜூனா? மே 25 வாக்கில் தாலினில் சூரியன் விடிகாலை நாலே கால், நாலரைக்குள் உதித்து இரவு பத்துக்கு மேல்தான் மறையும். ஜூன் 21-ஐ விடப் பகல் ஒரு மணி நேரம்கூடக் குறைவில்லை.

அப்புறம் தோமிங்காஸ் மரம். மே மாதத்தில் வெள்ளைக் கொத்தாகப் பூக்கும், தெரு முழுக்க வாசனை. அது பூக்கும்போது குளிர் ஒரு தடவை திரும்பி வரும் என்று அங்கே பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் அந்த வாரத்தில் மாட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

திசைகாட்டி:
பூ வாசனை சரி, முழங்கால்? பழைய நகரம் முழுக்க உருளைக்கல் தெரு. மழை பெய்தால் வழுக்கும். மாணவர்களுக்கு அதெல்லாம் விளையாட்டு, 64 வயது அம்மாவுக்கு?

ஒற்றையடிப்பாதை:
கல் ஜூனிலும் கல்தானே சார்! ஆனால் மழை விஷயம் நியாயம். தேன்சிட்டு, நல்ல ரப்பர் அடி வைத்த ஷூ வாங்கிக் கொடுங்கள். கீழ்நகரத்திலிருந்து தோம்பியா மேட்டுக்கு ஏற இரண்டு வழி: பிக் யால்க், லூஹிகே யால்க். நெட்டைக்கால், குட்டைக்கால் என்று அர்த்தம். குட்டைக்காலில் படிக்கட்டு இருக்கிறது, வேண்டாம். நெட்டைக்கால் சரிவாகவே ஏறும், அதில் மெதுவாகப் போங்கள்.

மே என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் சதுப்புநிலம். தாலினிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், லாஹேமா தேசியப் பூங்காவில் விரு சதுப்பு இருக்கிறது. 1971-இல் சோவியத் யூனியனில் முதன்முதலாக அறிவித்த தேசியப் பூங்கா அது. பாசி மேல் பலகை போட்ட பாதை, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மூன்றரை கிலோமீட்டர், நடுவில் ஒரு கண்காணிப்புக் கோபுரம். மே கடைசியில் ஒரு நாள் மாலை எட்டு மணிக்குப் போனேன். பைன் மரங்கள் என் தோள் உயரம்தான், ஆனால் ரொம்ப வயதானவை. சத்து இல்லாத மண்ணில் அவ்வளவுதான் வளரும். குட்டைத் தண்ணீர் கட்டன் தேநீர் நிறம். பலகையில் என் காலடிச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. அதே இடத்துக்கு ஜூலையில் போனபோது கொசு துரத்தித் துரத்திக் கடித்தது, பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

திசைகாட்டி:
கொசுவைச் சொன்னவர் உண்ணியை ஏன் சொல்லவில்லை? மூளைக்காய்ச்சல் பரப்பும் உண்ணிகள் அங்கே உண்டு, மே மாதத்தில் நன்றாகவே நடமாடும்.

ஒற்றையடிப்பாதை:
உண்மை, விட்டுவிட்டேன். அதற்குத் தடுப்பூசி உண்டு, ஆனால் இடைவெளி விட்டுப் போடுவது. இப்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பலகைப் பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள், பேண்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள், ராத்திரி உடம்பைப் பாருங்கள்.

கூழாங்கல்:
ஒன்பது நாளை ஒரே நாட்டில் கழிப்பதா? ஹெல்சிங்கி, தாலின், ரீகா, வில்னியுஸ் என்று நாலு தலைநகரமாக அடித்துவிடலாமே. ஹெல்சிங்கிக்குக் கப்பலில் இரண்டு மணி நேரம்தான்.

திசைகாட்டி:
இதில் மட்டும் நான் ஒற்றையடிப்பாதை கட்சி. நாலு ஊரில் பெட்டி கட்டி அவிழ்ப்பதற்கே அம்மா களைத்துவிடுவார். வேண்டுமானால் ஹெல்சிங்கிக்கு ஒரு நாள் போய்த் திரும்புங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா) விண்ணப்பிக்க வேண்டும், அதையும் கவனியுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும்.

தேன்சிட்டு:
எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "குளிருக்கு ஸ்வெட்டர் இருக்கு, கொசுவுக்கு என்ன இருக்கு?" என்றார். அதனால் மே. தாலின் நாலு இரவு, தார்த்து இரண்டு, சாரேமா தீவில் குரெஸ்சாரே ஊரில் இரண்டு. தீவுக்குப் பேருந்தே கப்பலில் ஏறிப் போகுமாமே, அதைக் கேட்டதும் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சாப்பாடுதான் கவலை.

ஒற்றையடிப்பாதை:
தாலினில் கஷ்டமே இல்லை, தீவில்தான் தேட வேண்டும். சமையலறை உள்ள அறையாக எடுங்கள். கடையில் "காமா" மாவு கிடைக்கும். பார்லி, ரை (rye) தானியம், ஓட்ஸ், பட்டாணி வறுத்து அரைத்தது. கேஃபிர் என்கிற புளித்த பாலில் கரைத்துக் குடிப்பார்கள், நம் சத்துமாவை மோரில் கரைத்த மாதிரியே இருக்கும்.

திசைகாட்டி:
தயிர் வாங்கும்போது உஷார். "ஹபுகோர்" என்று போட்டிருப்பது புளித்த க்ரீம். அதில் சாதம் பிசைந்து முதல் வாய் வைத்ததும் என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. "மைட்செஸ்தமதா யோகுர்ட்" என்று தேடுங்கள், சுவை சேர்க்காத தயிர் என்று அர்த்தம்.