ஆங்கிலத்துல வென் (when)-க்குப் பிறகு வில் (will) வரலாமா? அவசரம்

மணி22: ஆபீஸ் மெயில்ல ரெண்டு இடத்துல வென் போட்டு வில் எழுதியிருக்கேன். திருத்துற செயலி ஒண்ணுக்கு மட்டும் கோடு போடுது, இன்னொண்ணை விட்டுடுச்சு. ரெண்டுமே அட்வெர்ப் கிளாஸ்தானே (adverb clause, எப்போ, எதனாலன்னு வினையை விளக்குற துணைவாக்கியம்)? சாயந்திரத்துக்குள்ள அனுப்பணும்.

வாசல்: வாக்கியத்தையே போடலையே. ரெண்டையும் முழுசா எழுதுங்க.

தென்றல்: கமாவைப் பாருங்க. அட்வெர்ப் கிளாஸ் முன்னால வந்தா அது முடியுற இடத்துல கமா வேணும்: 'வென் இட் ரெயின்ஸ், த பஸ் கம்ஸ் லேட்'. பின்னால வந்தா வேண்டாம். அங்கதான் பலரும் தவறுவாங்க.

புலவர்: எட்டாம் வகுப்புப் பாடம் இது, தம்பி. இஃப், வென், அன்டில், பிஃபோர், ஆஃப்டர் இவற்றுக்குப் பின் வில் வரவே வராது. இலக்கணப் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டிருக்கலாம்.

மணி22: கோடு போட்டது: 'ஐ வில் லெட் யூ நோ வென் த பார்சல் வில் அரைவ்'. போடாதது: 'ஐ டோன்ட் நோ வென் த பார்சல் வில் அரைவ்'.

வாசல்: ரெண்டாவது சரி. 'எப்போ வரும்னு தெரியாது'. எது தெரியாதுங்கிற கேள்விக்கு அந்தத் துண்டே விடை, அதனால நௌன் கிளாஸ் (noun clause, பெயர்ச்சொல் இடத்துல நிக்கிற துணைவாக்கியம்). வில் நிக்கும்.

முதல் வாக்கியத்துல நீங்க எதைச் சொல்ல வர்றீங்க? வர்ற தேதியைச் சொல்லப்போறீங்கன்னா, 'எப்போ வரும்னு சொல்றேன்'. அதுவும் நௌன் கிளாஸ், வில் இருக்கட்டும். வந்து சேர்ந்த பிறகு சொல்லப்போறீங்கன்னா, 'வந்ததும் சொல்றேன்'. எப்போ சொல்வீங்கன்னு காட்டுது, அதான் அட்வெர்ப் கிளாஸ். வில்லை எடுத்துட்டு 'அரைவ்ஸ்' போடுங்க, கடைசி 'ஸ்' விட்டுடாதீங்க. உங்க மனசுல இருக்கிறது செயலிக்குத் தெரியாது.

தமிழ்ல சொல்லிப் பாருங்க. 'வரும் என்று'ன்னு வந்தா வில் இருக்கும். 'வந்ததும், வந்தால், வரும்போது, வரும்வரை' வந்தா வில் போயிடும். 'வரும்போது'ல இருக்கிற 'வரும்' எதிர்காலமாத் தெரியறதாலதான் நம்மாளுங்க வில் சேர்த்துடறாங்க.

மருதம்: புலவர் ஐயா, 'வரவே வராது'ன்னு சொல்லாதீங்க. 'இஃப் யூ வில் வெயிட் எ மினிட், ஐ வில் செக்' சரியான ஆங்கிலம். கொஞ்சம் பொறுத்துக்கிட்டீங்கன்னா பார்த்துச் சொல்றேன்னு அர்த்தம்.

புலவர்: அது மரியாதை வழக்கு. விதிவிலக்கை முதலிலேயே சொன்னால் படிப்பவர் குழம்புவார்.

மருதம்: விதிவிலக்கே இல்லை ஐயா. அங்க வில் இசைவைக் காட்டுது, காலத்தை இல்லை. எதிர்காலம் காட்டுற வில்லுக்குத்தான் தடை. இதை ஆரம்பத்துலயே சொல்லணும், இல்லேன்னா நல்ல வாக்கியத்தையும் அடிச்சுடுவாங்க.

தென்றல்: கமாவுக்கு ஒண்ணு சேர்க்கணும். ஆல்தோ (although) பின்னால வந்தாலும் கமா போடறதே வழக்கம், முரணைக் காட்டறதால. கூடவே பட் போடக் கூடாது. 'பெய்தாலும்'னு சொன்ன பிறகு 'ஆனால்' எதுக்கு?

மணி22: வந்த பிறகுதான் சொல்லணும். அரைவ்ஸ்னு மாத்தி அனுப்பிட்டேன். நன்றி வாசல்.