காட்டில் மாடு மேய்ந்தால் காடு கெடுமா?

காட்டெருது:
2022 மார்ச்சில், தேனி மாவட்டத்து மேகமலை மேய்ச்சல் வழக்கில், தமிழ்நாட்டின் எந்தக் காட்டிலும் மாடு மேய்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சில நாட்களிலேயே அந்தத் தடையைப் புலிகள் காப்பகம், தேசியப் பூங்கா, சரணாலயம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. நான் முதலில் வந்த உத்தரவின் பக்கம் நிற்கிறேன்.

மனிதன் விலங்குகளைப் பழக்கத் தொடங்கியது காட்டுக்கு விழுந்த பெரிய அடி. நம் வீட்டு மாட்டின் மூதாதையான காட்டு மாடு (ஆரோக்ஸ்) இன்று உலகில் ஒன்றுகூட இல்லை. ஐரோப்பாவில் அந்தக் காட்டு மாட்டில் கடைசி 1627இல் போலந்தில் செத்தது. இந்தியக் கிளை அதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டது. பூமியில் உள்ள உயிர்களின் எடையைக் கணக்கிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. பாலூட்டிகளின் மொத்த எடையில் கால்நடை சுமார் 60 விழுக்காடு, மனிதர் 36, காட்டு விலங்கு வெறும் 4. கடலில் திரியும் திமிங்கிலமும் அந்த நாலுக்குள்தான் அடக்கம். இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?

பட்டிக்காரன்:
அந்த 60இல் பெரும்பங்கு மாடும் பன்றியும். தொழுவத்திலும் பண்ணையிலும் கட்டிப்போட்டுத் தீவனம் கொடுத்து வளர்ப்பவையும் அதில் அடக்கம். அவற்றையும் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பட்டி போட்டு மேயும் செம்மறை மாட்டையும் ஒரே கணக்கில் எழுதுவது நியாயமா? எங்கள் மாடு தீவன மூட்டையைப் பார்த்ததில்லை. அதற்குத் தீவனம் விளைவிக்க எங்கேயும் காடு அழியவில்லை.

தடை போட்டால் காடு செழிக்கும் என்பவர்கள் பரத்பூரைப் பாருங்கள். ராஜஸ்தானில் பறவைகளுக்குப் பேர்போன கேவலாதேவ் தேசியப் பூங்கா அது. 1982இல் அங்கே எருமை மேய்ச்சலைத் தடுத்தார்கள். எதிர்த்த ஊர்க்காரர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அப்புறம் என்ன ஆனது? எருமை தின்று மட்டுப்படுத்திக்கொண்டிருந்த நீர்ப்புல் ஏரியெங்கும் அடர்ந்து மூடியது. பறவை நீந்தவும் இரை தேடவும் திறந்த தண்ணீர் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, அந்த ஏரிக்கு எருமை தேவை என்று எழுதியது. செத்தவர்கள் சொன்னதும் அதைத்தான்.

காட்டெருது:
பரத்பூரில் நடந்தது கொடுமை, அதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அது அணை கட்டித் தண்ணீர் தேக்கி உண்டாக்கிய ஏரி. மனிதன் அமைத்த இடத்தை மனிதனின் எருமை சீராக வைத்திருந்தது. மேகமலைச் சோலையை யாரும் அமைக்கவில்லை.

மேய்ச்சல் என்றால் எப்போதும் நாலு மாடும் ஒரு மேய்ப்பரும் என்று நினைக்கிறீர்கள். 1990களில் காபி விலை ஏறியபோது பந்திப்பூர் ஓரத்து ஊர்களில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். காபித் தோட்டங்களுக்கு எரு தேவைப்பட்டது, சாணத்துக்கு நல்ல விலை கிடைத்தது, சாணத்துக்காகவே மாடு வைத்திருப்பது லாபமானது. மாடு காட்டில் மேயும், காட்டின் சத்து சாணமாக லாரி ஏறித் தோட்டத்துக்குப் போகும். மான் மேய்ந்தால் சாணமாவது காட்டிலேயே கிடக்கும். இன்னொன்று, உண்ணிச்செடியை (லாண்டானா) மாடு தொடாது. புல்லை மட்டும் கடித்துக் காலி செய்தால் அந்த இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொள்கிறது.

தேயிலைமேடு:
உண்ணிச்செடியைக் கொண்டுவந்தது மேய்ப்பரா? பூ அழகாக இருக்கிறதென்று வெள்ளைக்காரர்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்த செடி அது. நீலகிரியில் தோடர் எருமையும் வரையாடும் பல நூற்றாண்டுகள் அதே மலைகளில் மேய்ந்தன, புல்வெளி அப்படியே இருந்தது. அதை விழுங்கியது தேயிலை, விறகுக்கு நட்ட தைலமரம், தோல் பதனிடும் பட்டைக்காக நட்ட சீகை மரம். புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதி வைத்தவர்கள் செய்த வேலை இது. மாட்டைத் துரத்துவது சுலபம், எஸ்டேட்டை யாரும் கேட்பதில்லை.

மாட்டு மருத்துவர்:
நோயைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1968இல் முதுமலை, பந்திப்பூர்ப் பக்கம் காட்டெருமைகள் கூட்டமாகச் செத்தது வெக்கை நோயில். அந்த நோய் வீட்டு மாட்டிலிருந்து காட்டுக்குப் போவது. மாட்டுக்கு ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டுத்தான் அதை ஒழித்தோம். 2011இல் உலகிலேயே இல்லை என்று அறிவித்தார்கள். கோமாரி இன்னும் இருக்கிறது.

பாறு கழுகு விஷயத்தில் என் தொழிலுக்கே பொறுப்பு உண்டு. மாட்டுக்கு வலி தெரியாமல் இருக்கப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, அந்த மாடு செத்தபின் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. பதினைந்து வருடத்துக்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டில் பாறு முக்கியமாகக் கூடு கட்டுவது நீலகிரியை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்குப் பக்கம்தான். அங்கே புலி அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தெளித்தால், புலியோடு கழுகும் சாகும். காட்டோரத்து மாடு ஒவ்வொன்றுக்கும் தடுப்பூசி, புலி அடித்தால் அந்த வாரமே இழப்பீடு. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் மேய்ச்சலை அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து.

பட்டிக்காரன்:
தடுப்பூசிக்கு நாங்கள் எப்போது மறுத்தோம் ஐயா? மலைக்கு ஊசி வருவதில்லை என்பதுதான் எங்கள் குறை. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே எழுதியிருக்கிறது. எத்தனை மாடு, எந்த மாதம், எந்தப் பக்கம் என்று கிராம சபையோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சாணத்துக்காகக் கூடுதல் மாடு ஓட்டுபவனை நாங்களே தடுப்போம். பட்டியே கூடாது என்றால் பர்கூர் மாடு அடுத்த தலைமுறையில் இருக்காது. காட்டு மாடு அழிந்ததற்கு வருத்தப்படும் நீங்கள் இதற்கும் வருத்தப்பட வேண்டாமா?

காட்டெருது:
வருத்தப்படுகிறேன். பர்கூர் இனத்தைக் காக்க அரசு மேய்ச்சல் நிலம் ஒதுக்கட்டும், அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பங்குனி, சித்திரையில் ஓடை வற்றி, மிச்சமிருக்கும் பச்சை பள்ளத்தில் மட்டும் நிற்கும்போது, யானையும் காட்டெருமையும் அங்கேதான் இறங்கும். உங்கள் மாட்டுக்கு ஊர் இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அந்த இரண்டு மாதம் பட்டியைக் கீழே இறக்குவீர்களா? கிராம சபை அதற்கு ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு பேசலாம்.