சீட்டுக்கு அடியில் ஆறு பின்கள்: குடும்பக் குழுவில் ஒரு ஸ்கேனர் விவாதம்

*சனிக்கிழமை*

கதிர்: என் பைக்கில் இன்ஜின் விளக்கு எரிந்தபடியே இருக்கிறது. ஓடுகிறது, ஆனால் காலையில் கிளப்பும்போது தடுமாறுகிறது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு ஸ்கேனர், அதாவது வண்டியின் கணினியிலிருந்து பழுதைப் படித்துச் சொல்லும் கருவி, வாங்கலாம் என்று நினைக்கிறேன். "எல்லா வண்டிக்கும் பொருந்தும்" என்று ஒரு விளம்பரம் வருகிறது. வாங்கட்டுமா மாமா?

அத்தை: எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்றால் என் தையல் இயந்திரத்தையும் காட்டிப் பார்.

மாமா: அவசரப்படாதே மருமகனே. சீட்டைக் கழற்று. மூடி போட்ட ஒரு பிளக் எதிலும் சேராமல் சும்மா கிடக்கும். ஸ்கேனரைச் செருகும் இடம் அதுதான். படம் எடுத்து அனுப்பு.

கதிர்: 📷 படம்

கதிர்: சிவப்பாக இருக்கிறது.

மாமா: நிறத்தை விடு, உள்ளே இருக்கும் பின்களை, அந்த உலோக ஊசிகளை, எண்ணு. சிவப்பில் நாலு பின் உள்ள பழைய பிளக்கும் உண்டு.

கதிர்: ஆறு.

மாமா: நல்லது. பைக்கில் இந்தப் பிளக் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 19689 என்று ஒரு சர்வதேசத் தரம் இருக்கிறது. ஐரோப்பாவில் 2020-இல் யூரோ 5 என்ற புகை விதி வந்த பிறகு பல நிறுவனங்கள் இந்த ஆறு பின்னுக்கு வந்து சேர்ந்தன. அதற்கு முன் ஆளுக்கொரு பிளக்: ஒருவரிடம் மூன்று பின், இன்னொருவரிடம் நாலு, பிஎம்டபிள்யூவில் வட்டமாகப் பத்து. டிரையம்ப் பல மாடல்களில் காரில் இருக்கும் பதினாறு பின்னையே வைத்துவிட்டது.

மீனா அக்கா: என் காரில் இருப்பதும் பதினாறு பின்தானே? அதில் செருகிப் போனில் பழுதைப் பார்க்க வாங்கிய சின்ன அடாப்டர் டிராயரில் தூங்குகிறது. அது ஆகாதா?

மாமா: ஆகலாம் மீனா. ஆறிலிருந்து பதினாறுக்கு மாற்றும் கேபிள் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். அதில் என்ன எழுதியிருக்கிறது?

மீனா அக்கா: இஎல்எம்327. செயலியில் பதிப்பு 1.5 என்று காட்டுகிறது.

மாமா: அப்படியானால் போலி. இஎல்எம்327 என்பது உள்ளே இருக்கும் சிப்பின் பெயர். அசல் சிப் செய்த நிறுவனம் 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிடவே இல்லை.

மீனா அக்கா: என் காரில் ஒழுங்காக வேலை செய்ததே!

மாமா: செய்யும். புதிய கார்களின் கணினிகள் கேன் என்ற தகவல் முறையில் பேசுகின்றன. போலிகளும் அதைச் சமாளித்துவிடும். பழைய பைக்குகள் பல கே-லைன் என்ற ஒற்றைக் கம்பியில் பேசும். மலிவான போலிகள் சில அங்கேதான் ஊமையாகிவிடும். கதிர், உன் வண்டி எந்த முறை என்று சர்வீஸ் கையேட்டில் பார்.

கதிர்: கேன் என்றுதான் இருக்கிறது.

மாமா: பிறகென்ன, அக்காவின் அடாப்டரையே வாங்கிக்கொள். நீ வாங்க வேண்டியவை அந்தக் கேபிளும், வோல்ட்டும் மின்தடையும் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும்.

கதிர்: மல்டிமீட்டர் எதற்கு? ஸ்கேனர் காட்டும் பழுது எண்ணை, அந்தக் 'கோடை'ப் பார்த்துவிட்டு, அது சொல்லும் சென்சாரை மாற்றிவிடலாமே?

மாமா: இதைத்தான் எதிர்பார்த்தேன். ஸ்கேனர் சொல்வது தெருவின் பெயர். எந்த வீடு என்று நீதான் தட்டிப் பார்க்க வேண்டும். சென்சார், அதன் பிளக், கம்பி, இன்ஜின் கணினி எல்லாம் ஒரே கோடுக்குள் அடங்கும். கோடை மட்டும் பார்த்துப் புது சென்சார் போடுகிறவர்கள் வீட்டில் நல்ல சென்சார்கள் குவிந்து கிடக்கும்.

சித்தி: எனக்கும் ஒரு சந்தேகம். என்னுடையது ஐபோன். அந்த அடாப்டர் இதில் சேருமா?

மாமா: பழைய வகை புளூடூத் என்றால் சேராது. லோ எனர்ஜி புளூடூத் அல்லது வைஃபை வகைதான் ஐபோனுக்கு. வைஃபை வகையில் சேர்ந்திருக்கும்போது இணையம் நின்றுபோகலாம்.

தாத்தா: நான் ஓட்டிய வண்டியில் விளக்கு மினுக்குவதை எண்ணித்தானே பழுது கண்டுபிடித்தோம்?

மாமா: ஆமாம் அப்பா, ஹோண்டாதானே அது. பிளக்கில் இரண்டு முனைகளைச் சேர்த்து சாவியைப் போட்டால் நீள மினுக்கு பத்து, குறு மினுக்கு ஒன்று. ஏழு என்றால் இன்ஜின் வெப்ப சென்சார், எட்டு என்றால் திராட்டில், அதாவது முறுக்கும்போது காற்றைத் திறந்துவிடும் கதவின் சென்சார். அந்த வகை வண்டிக்கு ஸ்கேனரே வேண்டாம், ஒரு துண்டுக் கம்பி போதும்.

அத்தை: பழைய கதை ஆரம்பித்துவிட்டது. இனி இரவு உணவுக்கு யாரும் வரமாட்டார்கள்.

*அடுத்த சனிக்கிழமை*

கதிர்: கேபிள் வந்துவிட்டது. P0113 என்று கோடு காட்டுகிறது. உள்ளே போகும் காற்றின் வெப்ப சென்சார் சம்பந்தமானதாம். அழித்துவிடட்டுமா?

மாமா: தொடாதே! பழுது ஏற்பட்ட நேரத்து வேகம், வெப்பம் எல்லாம் அதனோடு சேமிக்கப்பட்டிருக்கலாம். அழித்தால் அதுவும் போய்விடும். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள். பிறகு நேரடி அளவுகளில் உள்ளே போகும் காற்றின் வெப்பம் எவ்வளவு என்று பார்.

கதிர்: மைனஸ் 40 டிகிரி!!

அத்தை: கம்பளி போட்டுக்கொள்.

மாமா: சரியாகத்தான் இருக்கிறது. அந்த சென்சாரில் குளிரக் குளிர மின்தடை ஏறும். கம்பி எங்காவது விட்டுப்போனால் தடை எல்லையில்லாமல் ஆகிவிடும். கணினி அதைக் கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். குளிர் என்று நம்பினால் பெட்ரோலைக் கூட்டும், தடுமாறும். இப்போது மீட்டரை எடு. முதலில் பேட்டரி.

கதிர்: நிற்கும்போது 12.6. ஓடவிட்டு முறுக்கினால் 14.1.

மாமா: அதில் குறையில்லை. சாவியை அணை, சென்சார் பிளக்கைப் பிடுங்கு, சென்சாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே தடையைப் பார்.

கதிர்: 2.3 கிலோஓம். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது.

மாமா: அப்படியானால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது. இனி வண்டிப் பக்கத்துப் பிளக்கில் சாவியைப் போட்டு வோல்ட் பார். ஐந்துக்கு அருகில் வர வேண்டும்.

கதிர்: 4.9.

மாமா: கம்பியும் கணினியும் தப்பித்தன. பிளக்கின் உள்ளே டார்ச் அடி.

கதிர்: 📷 படம்

மீனா அக்கா: ஒரு முனை முழுக்கப் பச்சைக் களிம்பு!

மாமா: தண்ணீர் புகுந்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து, பிளக்கின் ரப்பர் கிழிந்திருக்கிறதா என்று பார். அதன் பிறகு கோடை அழி.

கதிர்: இப்போது 29 டிகிரி காட்டுகிறது. விளக்கு அணைந்துவிட்டது. சென்சார் வாங்கவே இல்லை!

மீனா அக்கா: மகிழ்ச்சி. அடாப்டரை வண்டியிலேயே செருகி வைத்துவிடாதே. சாவியை எடுத்தாலும் அது மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். காரில் விட்டு வைத்தாலே பேட்டரி இளைக்கும், உன்னுடையதோ சின்னப் பேட்டரி.

கதிர்: கழற்றிவிட்டேன் அக்கா. மாமா, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கு எரிந்தாலும் இதே போதுமா?

மாமா: போதாது. இது புகை சம்பந்தமான இன்ஜின் கோடுகளைத்தான் படிக்கும். ஏபிஎஸ்ஸுக்குத் தனிக் கணினி. அதைப் படிக்கவும், பிரேக் ஆயில் மாற்றும்போது உள்ளே இருக்கும் பம்பை இயக்கவும் உன் நிறுவனத்து வண்டிக்கென்றே செய்த கருவி வேண்டும். அப்படி வாங்கும் நாளில் "ஏபிஎஸ் ஆதரவு" என்ற ஒரு வரியை நம்பாதே. பட்டியலில் உன் மாடலும் ஆண்டும் இருக்கின்றனவா, படிக்க மட்டுமா, இயக்கவுமா என்று பார்.

கதிர்: அதுவரை?

மாமா: அதுவரை மல்டிமீட்டரைப் பத்திரமாக வை. அதன் பேட்டரியையும் மாற்று. படத்தில் ஓரத்தில் சின்ன பேட்டரிக் குறி மின்னுவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது.