அட்வான்ஸைத் திருப்பித் தராத ஓனர் மீது கேஸ் போட எத்தனை நாள் இருக்கிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம் மாடிவீடு:
வாடகை 14,000. அட்வான்ஸ் பத்து மாதம், ஆக 1,40,000. 2022 மே 31 அன்று காலி செய்து, சாவியை ஓனர் கையிலேயே கொடுத்தேன். அவர் செல்போன் டார்ச்சை அடித்துச் சுவர் சுவராகப் பார்த்தார். ஹாலில் காலண்டர் மாட்டிய ஆணி ஒன்று, சாமி அலமாரிக்கு மேலே விளக்குக் கரி. "பெயிண்டிங்குக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்குவேன். மீதிய புது ஆள் அட்வான்ஸ் கொடுத்ததும் தரேன்" என்றார். தலையாட்டினேன். சென்னையில் யார்தான் ஆட்டவில்லை?

ஆகஸ்டிலேயே புது ஆள் வந்துவிட்டார். தீபாவளி கழியட்டும், பையன் ஃபீஸ் கட்டணும் என்று இழுத்து, 2023 ஜனவரியில் 40,000 மட்டும் கூகுள் பேயில் போட்டார். அப்புறம் போனை எடுப்பதே இல்லை. 2024 நவம்பரில் வக்கீல் நோட்டீஸ் விட்டேன். நோட்டீஸ் கிடைத்ததற்கான தபால் அத்தாட்சி அட்டை அவர் கையெழுத்தோடு வந்தது, பணம் வரவில்லை. நோட்டீஸ் விட்டாயிற்று, இனி கேஸ் போடும் கெடு ஓடாது என்று நினைத்து ஆறு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். போன மே மாதம் நண்பனுக்குத் துணையாக ஒரு வக்கீல் ஆபீஸ் போனபோதுதான், நோட்டீஸால் கெடு ஒரு நாள்கூட நிற்காது என்று தெரிந்தது. சாவி கொடுத்த நாளிலிருந்து எண்ணினால் கையில் மிச்சம் ஒன்பது நாள். கோர்ட்டோ கோடை விடுமுறையில்.

என்ன செய்தேன் என்று கீழே சொல்கிறேன். இதே மாதிரி மாட்டியவர்கள் எழுதுங்கள்.

வேளச்சேரி பேச்சிலர்:
ப்ரோ, எங்க ஊர்ல பன்னிரண்டு வருஷம் டைம் இருக்குன்னு சொன்னாங்களே?

குமாஸ்தா (28 வருஷம் வக்கீல் ஆபீஸ்):
தம்பி, பன்னிரண்டு வருஷம் என்பது இடத்தின் சுவாதீனத்தை, அதாவது இடத்தையே, திரும்பக் கேட்கும் வழக்குக்கு. அட்வான்ஸ் வெறும் பணம். 1963 காலவரையறைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறிய நாளிலிருந்து மூன்று வருஷம்தான்.

எந்த நாளில் மீறினார் என்பதில்தான் வாதமே. தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பிடித்தம் போக மீதியைத் தர வேண்டும் என்கிறது. அதை வைத்து, அந்த ஒரு மாதம் முடிந்த பிறகுதான் கெடு தொடங்கும் என்று வாதாடலாம். நான் கட்சிக்காரர்களிடம் சொல்வது வேறு. சாவி கொடுத்த தேதியை காலண்டரில் வட்டமிடுங்கள், அதிலிருந்தே எண்ணுங்கள். அந்த ஒரு மாதத்தை நம்பி உட்கார வேண்டாம்.

தாமதத்தை மன்னிக்கும் மனு அசல் வழக்குக்கு இல்லை, அது அப்பீல் மாதிரியானவற்றுக்குத்தான். எதிர்க்கட்சி வாயே திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தாக வேண்டும். விடுமுறைக்கு மட்டும் சலுகை உண்டு. கடைசி நாளில் கோர்ட் மூடியிருந்தால் திறக்கும் நாளில் போடலாம். மடிப்பாக்கம் சார் தப்பியது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தாம்பரம் அக்கா:
நான் தப்பவில்லை. ஓனர் வயசானவர், நாங்கள் அப்பா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேத்தி கல்யாணத்துக்கு நான் பந்தி பரிமாறியிருக்கிறேன். 60,000 பாக்கி. கேட்கும்போதெல்லாம் "உன் காசு எங்கம்மா போகுது" என்பார். எல்லாமே போனில். மூன்று வருஷம் இரண்டு மாதம் கழித்து வக்கீலிடம் போனால், எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றார். ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

ஆனால் அந்த வக்கீலே ஒரு வழி சொன்னார். கெடு முடிந்தால் கேஸ் போடும் வழிதான் அடைபடும், கடன் கடன்தான். ஓனரே கைப்பட "இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டம் 25ஆம் பிரிவுப்படி அது புது வாக்குறுதி, செல்லும் என்றார். நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். என் கணவருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றேன். பேத்தியின் ரூல்டு நோட்டில் கிழித்து, "தை மாதத்துக்குள் ரூ. 60,000 தருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தார். தையில் 35,000 வந்தது. மீதிக்கு அந்தத் தாளை லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

குமாஸ்தா:
லேமினேட் செய்யாதீர்கள் அம்மா! அசலைக் கோர்ட்டில் கேட்பார்கள். இனி எந்தத் தாள் வந்தாலும் பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்தால் போதும்.

கோவை சரவணம்பட்டி:
எனக்கு செக் கொடுத்தார், பவுன்ஸ் ஆனது. செக் கதையில் மூன்று வருஷம் கிடையாது, எல்லாம் நாள் கணக்கு. செக் திரும்பியது என்று பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அவருக்கு 15 நாள், அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பன்னிரண்டாம் நாள் முழுப் பணமும் வந்துவிட்டது.

ரெட்டேரி:
2019 நவம்பரில் காலி செய்தேன். 2022 நவம்பரோடு போச்சு என்று கைகழுவிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான நாள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. 2023 ஜூனில் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள்.

நானும் ஓனர்தான்:
எல்லோரும் ஓனரையே திட்டுகிறீர்கள். என் குடித்தனக்காரர் ஏழு மாத ஈபி பில்லை விட்டுப் போனார், பாத்ரூம் குழாயையும் கழற்றிக்கொண்டு போனார். அட்வான்ஸில் பிடிக்காமல் எதில் பிடிப்பது?

குமாஸ்தா:
தாராளமாகப் பிடியுங்கள் சார், சட்டமே அனுமதிக்கிறது. பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். வாடகை பாக்கி கேட்டு நீங்கள் வழக்குப் போட்டாலும் அதே மூன்று வருஷம்தான்.

வேளச்சேரி பேச்சிலர்:
அண்ணே, எனக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. ஓனர் வாட்ஸ்அப்ல "பொங்கல் கழிச்சு பாக்கலாம் தம்பி"ன்னு போட்டிருக்கார். இது எழுத்துல ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

குமாஸ்தா:
"பாக்கலாம்" என்பதில் எதை ஒத்துக்கொண்டார்? கெடு முடிவதற்குள் "தர வேண்டியது இருக்கிறது" என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். பகுதிப் பணம் தந்தாலும் அப்படியே, ஆனால் அதற்கும் தந்தவரின் எழுத்தோ கையெழுத்தோ வேண்டும். வெறும் கூகுள் பே வரவை நம்பி நான் கெடு கணக்குப் போட மாட்டேன். வாட்ஸ்அப்பும் சாட்சியம்தான், அதற்குரிய சான்றிதழோடு தர வேண்டும். அதில் கையெழுத்து எங்கே என்று எதிர்த்தரப்பு கேட்கும். காகிதம் என்றால் பாதித் தலைவலி இல்லை.

மடிப்பாக்கம் மாடிவீடு:
குமாஸ்தா சார் சொன்னது சரி. அந்த 40,000-ஐ நம்பாமல், ஜூனில் கோர்ட் திறந்த அன்றே தாக்கல் செய்தோம். பெயிண்டிங் 14,000-ஐயும் வந்த 40,000-ஐயும் கழித்து 86,000-க்கு வழக்கு. கோர்ட் ஃபீஸ் 3 சதவீதம், 2,580 ரூபாய். நோட்டீஸ் விட்ட கையோடு போட்டிருந்தால் ஒன்பது நாள் பதறியிருக்க வேண்டாம்.

ஓனர் பதில் மனுவில், சுவர் முழுக்க ஆணி அடித்துவிட்டேன், சீரமைக்க 90,000 ஆனது என்று சொல்லியிருக்கிறார். காலி செய்த அன்று எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது. அவர் டார்ச் அடித்து ஒரே ஒரு ஆணியைக் காட்டுவதும் அதில் இருக்கிறது. அடுத்த வாய்தா 18ஆம் தேதி.

வேளச்சேரி பேச்சிலர்:
இப்பதான் ஓனருக்கு மெசேஜ் போட்டேன்: "அண்ணே, எனக்கு வர வேண்டிய பாக்கி 55,000 தானே? அம்மா கணக்கு கேக்கறாங்க." ப்ளூ டிக் விழுந்துடுச்சு. டைப்பிங்னு காட்டுது.