மேசைக் கதாபாத்திர விளையாட்டை நடத்துபவரை எப்படி அழைப்பது?

கேள்வி: பகடைப்பிரியன்

வணக்கம். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்க அறிமுகக் குறிப்பை எழுதி வருகிறேன். ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, அது செய்வதைச் சொல்லிச் சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், கால் ஆஃப் கதுல்ஹு என்ற விளையாட்டுகள் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடுவதால், சூழலை விவரித்து ஆட்டத்தை நடத்துபவருக்கு இரண்டிலும் பொருந்தும் ஒரே பெயர் தேவைப்படுகிறது. முதலில் ‘கதைசொல்லி’ என்று எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு வந்த ஒருவர், தம் பாத்திரம் பூட்டிய கதவின் முன் நிற்கும்போதும், “அடுத்து என்ன நடக்கிறது, சொல்லுங்கள்” என்று காத்திருந்தாரே தவிர, பூட்டை உடைப்பதா, திரும்பிப் போவதா என்று தாமாக எதையும் சொல்லவில்லை. ‘நடுவர்’ என்று மாற்றினால், விதி மீறலைக் கவனிப்பது மட்டுமே அவர் வேலை என்று எண்ணிவிடுகிறார்கள். எந்தப் பெயரை வைக்கலாம்?

பதில்: பழைய விதிநூல்

இந்தக் குழப்பம் உங்கள் குழுவுக்கு மட்டும் உரியதன்று. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிநூல்களில் ஆட்டத்தை நடத்துபவர் ‘ரெஃப்ரீ’தான்; படைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளிலிருந்து இது பிறந்ததால், அங்கிருந்த நடுவரே இங்கும் வந்தார். ‘டன்ஜன் மாஸ்டர்’ என்ற பெயர் 1975இல் அதே விளையாட்டுக்கு வந்த பிளாக்மூர் என்ற துணைநூலில் அச்சேறியது. அது அந்த விளையாட்டுக்கே உரிய பெயர் என்பதால் பொதுக் குறிப்பில் அதை வைக்க வேண்டாம். 1981இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவில் அவர் ‘கீப்பர்’, அதாவது மறைபொருளைக் காப்பவர். துப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக வெளியே விடுவதே அங்கு அவருடைய முதன்மையான வேலை என்பதால், அந்தப் பெயர் மிகவும் பொருத்தமானது. ‘ஸ்டோரிடெல்லர்’ 1991இல் வந்த வாம்பயர்: த மாஸ்கரேடில் இடம்பெற்றது, நீங்கள் முதலில் வைத்த பெயரும் அதுதான். ஃபியாஸ்கோ போன்ற விளையாட்டில் அப்படி ஒருவரே கிடையாது.

பதில்: மலைக்கோட்டை வாசகி

பொதுப் பெயராக ‘கேம் மாஸ்டர்’ என்பதே பல விளையாட்டுகளில் நிலைத்துவிட்டது; பேச்சில் ‘ஜி.எம்.’ என்றால் போதும். எழுத்தில் தமிழ்ச் சொல் வேண்டுமென்றால் ‘ஆட்ட நெறியாளர்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ‘நடத்துநர்’ என்றதும் பேருந்துதான் நினைவுக்கு வரும். நெறியாளர் என்பவர் எல்லாரையும் பேசவைத்து முறைப்படுத்துபவர் என்பதைத் தொலைக்காட்சி விவாதங்களால் யாவரும் அறிவர். ஆனால் எந்தப் பெயரை வைத்தாலும், கதவின் முன் நின்றவரின் தயக்கம் பெயரால் மட்டும் தீராது. பெயருக்கு அடுத்த வரியிலேயே ஆடுபவரின் பங்கையும் எழுதிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. குறிப்பில் இப்படி மாற்றியிருக்கிறேன்: “ஆட்ட நெறியாளர் சூழலை விவரித்து, மற்றப் பாத்திரங்களாகப் பேசி, விதிகளின்படி விளைவைத் தீர்மானிப்பார், உங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்பதை நீங்களே சொல்ல வேண்டும்.” கதுல்ஹு ஆடும் நாள்களில் மட்டும் ‘கீப்பர்’ என்றே அழைப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.