பாலெங்கேயில் ஒரு பகல்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

கொலம்பியாவின் கார்த்தஹேனாவுக்குப் போகிறவர்கள் கோட்டை மதிலையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி சான் பசிலியோ தெ பாலெங்கே என்ற ஊர் இருக்கிறது. அதற்கு ஒரு முழுப் பகலை ஒதுக்குங்கள். நான் இரண்டு முறை போனேன். முதல் முறை, விடுதியில் ஏற்பாடு செய்து கொடுத்த வேனில். கூட வந்தவர் நகரத்துக்காரர். சிலை, ஆட்டம், இனிப்பு என்று இரண்டு மணி நேரத்தில் கிளப்பிவிட்டார். ஊரார் ஒருவரிடம்கூட நின்று பேச முடியவில்லை. மனம் ஆறவில்லை. நான்கு நாள் கழித்து, அந்த ஊரிலேயே பிறந்த வழிகாட்டி ஒருவரைத் தேடிப் பிடித்து மறுபடியும் போனேன்.

சதுக்கத்தில் பென்கோஸ் பியோஹோ சிலையாகக் கையை நீட்டி நிற்கிறார். மணிக்கட்டில் அறுந்த சங்கிலி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, கார்த்தஹேனாவிலிருந்து தப்பி, தன்னைப் போல் தப்பியவர்களைத் திரட்டி அரண் அமைத்தவர். அப்போது ஆண்ட ஸ்பானியர்கள் அவரோடு சமாதானம் பேசினார்கள். பிறகு பிடித்து, 1621இல் தூக்கிலிட்டார்கள். பாலெங்கே என்ற சொல்லுக்கே மரக்கம்புகளை நட்டு எழுப்பிய அரண்வேலி என்றுதான் பொருள். அப்படிப்பட்ட அரண்கள் அந்த வட்டாரத்தில் பல இருந்தன. இந்த மக்களை அடக்க முடியாமல், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களது சுதந்திரத்தை ஆட்சியாளர்கள் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

ஒரு வீட்டுத் திண்ணையில் சிறுமிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். தப்பி ஓடும் வழியைப் பின்னலிலேயே வரைந்து வைத்தார்கள், விதைகளையும் அதற்குள் ஒளித்துக் கொண்டுபோனார்கள் என்று பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவரும் கதையை வழிகாட்டி சொன்னார். பின்னிக்கொண்டிருந்த அம்மாள் கை நிற்கவே இல்லை.

என்னை உலுக்கியது அவர்கள் மொழி. ஸ்பானியச் சொற்களும், கிகோங்கோ போன்ற ஆப்பிரிக்க பாந்து மொழிகளின் சொற்களும் இலக்கணமும் கலந்து பிறந்தது. மாட்டுக்கு ‘ங்கோம்பே’. பன்மைக்கு முன்னால் ‘மா’. ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ‘இ சபே நு’. ஸ்பானியத்தில் ‘இல்லை’ வினைக்கு முன்னால் வரும். இவர்களுக்கு வாக்கியத்தின் கடைசியில். நாமும் ‘வருகிறானா, இல்லையா’ என்று கடைசிச் சொல் வரை காத்திருப்பவர்கள்தானே! அதைச் சொன்னதும் வழிகாட்டி தமிழில் ஒரு வாக்கியம் கேட்டார். ‘நான் போகவில்லை’ என்றேன். அவர் மூன்று முறை சொல்லிப் பார்த்து, எதிரே வந்த பையனிடமும் சொல்லிக் காட்டினார்.

அந்த மொழியைப் பேசியதற்காக நகரத்தில் இவர்களைக் கேலி செய்திருக்கிறார்கள், ‘கெட்டுப்போன ஸ்பானியம்’ என்று. அந்தக் கூச்சத்தில் பிள்ளைகளிடம் பேசுவதையே நிறுத்திய பெற்றோர்கள் உண்டு. இப்போது ஊர்ப் பள்ளியில் பாடமாகக் கற்பிக்கிறார்கள். சுவரில் எழுதியிருந்த சொற்களை ஒரு சிறுவன் எனக்கு உரக்கப் படித்துக் காட்டினான், நான் தப்பாகச் சொன்னபோது திருத்தினான். அன்று எனக்குக் கிடைத்த ஆசிரியர் அவன்தான்.

*

அக்கா, நான் போனது அக்டோபரில், பறைகளின் திருவிழா நடக்கும் சமயம். நல்ல கூட்டம். ஆனாலும் ‘மரிம்புலா’ கேட்டுவிட்டேன். பெரிய மரப்பெட்டி, முகப்பில் உலோகப் பட்டைகள். அதன்மேலேயே உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே கையை விட்டு மீட்டுகிறார்கள். அடிவயிற்றில் அதிர்கிறது.

உலகக் குத்துச்சண்டை வீரர் கிட் பாம்பெலே இந்த ஊர்க்காரர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1972இல் அவர் பட்டம் வென்ற பிறகுதான் ஊருக்கு மின்சாரமே வந்ததாம். அதை எனக்குச் சொன்ன பெரியவரின் குரலில், நேற்று நடந்ததுபோல ஒரு பெருமிதம். ‘அலெக்ரியா’ உருண்டை சாப்பிட்டீர்களா? சிறுதானியமும் தேங்காயும் வெல்லமும் சேர்ந்தது. ஊர்ப் பெண்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

*

தம்பி சொன்னது சரி. என் அனுபவம் வேறு மாதிரி. நாங்கள் போன அன்று ஒரு வீட்டில் துக்கம். வழிகாட்டி தெருமுனையிலேயே நிறுத்தி, கேமராக்களைப் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டார். ஆட்டமும் பாட்டும் அன்று கிடையாது என்றார். எங்களில் சிலர் பணம் கொடுத்தோமே என்று முணுமுணுத்தார்கள். எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடியது.

‘லும்பலு’ என்ற இறப்புச் சடங்கு ஒன்பது நாள் நடக்கும். பெண்கள் பாடி அழுது, இறந்தவரை முன்னோரிடம் வழியனுப்புகிறார்கள். தூரத்திலிருந்து ஒரு நிமிடம் அந்தக் குரல்கள் காற்றில் வந்தன. ஒப்பாரி கேட்டு வளர்ந்த காது. சொல் ஒன்றும் புரியாமலே கண் நிறைந்துவிட்டது.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று நினைவுக்கு வந்தது. 2005இல் இந்த ஊரின் பண்பாட்டை யுனெஸ்கோ அங்கீகரித்ததைப் பற்றி, இரண்டாம் முறை என்னை அழைத்துப்போன அந்த வழிகாட்டியிடம் கேட்டேன். “அதற்கு முன்பும் நாங்கள் இப்படித்தான் அழுதோம், இப்படித்தான் பாடினோம்” என்றார். திரும்பும்போது வேன் வரை வந்து, நான் கற்றுக்கொடுத்த வாக்கியத்தைச் சொல்லித்தான் விடைகொடுத்தார்: “நான் போகவில்லை.”